கண் கொஞ்சம் உலரும்

வரவில்லை. இன்னும் வரவில்லை. பந்தலுக்கு வெளியே அடுத்த கூட்டம் வந்துவிட்டது, 'ஏ ஆவுடை, எங்க எல்லாரையும் ஏமாத்திட்டுப் படுத்துக்கிட்டியே' என்று தெருவிலிருந்தே குரலெடுத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் முடியை அவிழ்த்துவிட்டபடி ஓடி வருகிறார்கள், ஐஸ் பெட்டியின் கண்ணாடியில் இரண்டு அடி அடித்துவிட்டு நேரே கோமுவிடம்தான் வருவார்கள், ஏனென்றால் இழவு வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கட்டிப்பிடித்து அழ ஒரு மகள் வேண்டும், ஆவுடைத்தாய்க்கு மகள் என்று காட்ட இந்தச் சங்கரன்கோவிலில் இருப்பது கோமு ஒருத்திதான், அவளும் பெற்ற மகள் இல்லை, மூத்தாள் மகள். அங்கேதான் இருக்கிறது வம்பு. வந்தவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், அவர்கள் கண்ணீர் அவள் பிடரியில் வழிந்து சுடிதார் கழுத்துக்குள் இறங்குகிறது, நல்ல சூடாக, நல்ல தாராளமாக, பாக்கியசாலிகள், பிறகு கொஞ்சம் விலகி அவள் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்க்கிறார்கள், அந்தப் பார்வையைத்தான் காலையிலிருந்து அவளால் தாங்க முடியவில்லை. நேரே கண்ணைப் பார்ப்பார்கள். உள்ளே மிளகாய் வற்றல் வறுத்த புகை பட்டது போலக் காந்துகிறது, இமை இறங்கும்போது மணலில் இறங்குகிற மாதிரி உரசுகிறது, ஆனால் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. 'அழுதுரு தாயி, நெஞ்சுல வச்சுக்கிடாத, அழுதுரு' என்று விடியற்காலம் வந்தவர்கள் சொன்னார்கள். இந்த உச்சி வெயிலில் வருகிறவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. பார்த்துவிட்டுப் போய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பக்கத்தில் இருப்பவளிடம் குனிந்து எதையோ சொல்கிறார்கள். என்ன சொல்வார்கள் என்று கோமுவுக்குத் தெரியாதா என்ன.

மாத்திரைதான். மாத்திரையாகத்தான் இருக்க வேண்டும். பருவுக்கு அதை எழுதிக் கொடுத்த அன்றே திருநெல்வேலி டாக்டரம்மா சொன்னாள், 'உதடு வெடிக்கும், எதையாவது தடவிக்கிட்டே இருக்கணும். மூக்கு காஞ்சு ரத்தம் எட்டிப் பாக்கலாம். மூட்டு வலிக்கலாம். கண் கொஞ்சம் உலரும், அதுக்குச் சொட்டு மருந்து தரேன். ரத்தம் சோதிச்சுக்கிட்டே இருக்கணும், ஈரலைப் பாக்கணும். கல்யாணம் பேசினா முதல்ல எனக்குச் சொல்லணும், இதைச் சாப்பிடுற காலத்துல கர்ப்பமே ஆகக்கூடாது, வயித்துப் பிள்ளையைப் பாதிக்கும்.' ஒவ்வொன்றுக்கும் சித்தி பள்ளிக்கூடப் பிள்ளை போலத் தலையாட்டினாள். கண் கொஞ்சம் உலரும். கொஞ்சம் என்றால் எவ்வளவு? சித்தி செத்துக் கிடக்கும்போதுகூட வராத அளவுக்கா? அதை அன்றைக்கு யார் கேட்பார்கள், கேட்டிருந்தால் சித்தியே தலையில் ஒரு குட்டு வைத்திருப்பாள். டாக்டரம்மா எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னாள், 'காரணமே இல்லாம மனசு சோர்ந்து போச்சுன்னா, அழுகை அழுகையா வந்துச்சுன்னா, உடனே ஃபோன் பண்ணு, நிறுத்திரலாம்.' காரணமில்லாமல் வந்தால் ஃபோன் பண்ணலாம். காரணம் நடுவீட்டில் இத்தனை நீளத்துக்குப் படுத்திருந்தும் வராவிட்டால் யாருக்குப் பண்ணுவது? அதுவும் போகட்டும், மாத்திரைதானா? இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு முள்ளில் சேலை மாட்டின மாதிரி மாட்டிக்கொள்கிறது, இழுத்தால் கிழிகிறது. அவள் வெளியூரில் தங்கிப் பாடம் எடுக்கிற நர்சரிப் பள்ளிக்கூடத்தில் இதே மாத்திரை சாப்பிடுகிற ஒருத்தி போன மாதம் அண்ணன் பேசவில்லை என்று ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து குடம் குடமாக அழுதாளே, அவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது. கோமு இந்த மாத்திரை தொடங்கியதிலிருந்து ஒரு தடவைகூட அழுததில்லை, அழ வேண்டி வரவில்லை, முகம் தெளிந்துகொண்டே வந்தது, கண்ணாடி பார்க்கப் பிடித்தது, சந்தோஷமாக அல்லவா இருந்தாள். ஆக, கண்ணில் தண்ணீர் இல்லையா, நெஞ்சில் இல்லையா என்று சோதித்துப் பார்க்க முதல் சந்தர்ப்பமே இதுதான்.

யாரோ துண்டை எடுத்து ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்தார்கள். அது வேர்த்து வேர்த்து முகத்தை மறைக்கிறது, துடைத்தால் மறுபடி தெரிகிறது, மூக்கில் பஞ்சு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணி, நெற்றி நிறையக் குங்குமம். சுமங்கலியாப் போய்ச் சேந்துட்டா, குடுத்து வச்ச மகராசி என்று ஒரு அம்மாள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாற்பத்தைந்து வயதில் மாவாட்டிக்கொண்டிருந்தவள் கிரைண்டர் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று, இதில் என்ன கொடுப்பினையைக் கண்டார்களோ. அந்த முகத்தில் ஒரு பரு கிடையாது, ஒரு தழும்பு கிடையாது, நாற்பத்தைந்திலும் மழமழவென்று இருந்தது, 'உனக்கு மட்டும் எப்படி சித்தி' என்று கோமு வயிற்றெரிச்சலோடு கேட்டால், 'எங்கப்பன் எனக்கு எழுதி வச்ச சொத்தே இதுதான், அதுலயும் பங்கு கேக்கியாக்கும்' என்பாள். வீட்டுக்கு வந்த அன்றைக்கே அப்படித்தான். அம்மா போய் இரண்டு வருடம் கழித்து அப்பா இவளைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, ஏழு வயதுக் கோமு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள், எல்லாரும் வெளியே வா, வெளியே வா என்று அதட்டினார்கள், புதுச்சேலைக்காரி மட்டும் அப்படியே தரையில் படுத்து, கட்டிலுக்கடியில் எட்டிப் பார்த்து, 'உள்ள இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமா' என்று கேட்டாள். அவளுக்கு அப்புறம் பிள்ளை பிறக்கவில்லை. பிறக்கவில்லை என்று அவள் ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை, ஊர்தான் சிந்திக்கொண்டிருந்தது. கோமு அவளை நினைத்து நினைத்துப் பார்க்கிறாள், கட்டிலுக்கடியில் தெரிந்த அந்தத் தலைகீழ் முகத்தை நினைக்கிறாள், நெஞ்சு பிளந்துவிடும் போல வலிக்கிறது, கண்ணுக்கு மட்டும் எந்தச் சேதியும் போய்ச் சேரவில்லை.

பத்தாவது முடித்த கோடையில் பரு வந்தது. எல்லாருக்கும் வருகிற மாதிரி இரண்டு மூன்று வந்து போயிருந்தால் யாரும் சீந்தியிருக்க மாட்டார்கள், இவளுக்குக் கன்னம், தாடை, நெற்றி என்று சீழ் கோத்துக்கொண்டு வந்தது, தலையணையில் முகத்தை வைக்க முடியாது. சித்தி கஸ்தூரி மஞ்சள் அரைத்தாள், சந்தனம் அரைத்தாள், வேப்பங்கொழுந்தை அரைத்தாள், யாரோ சொன்னார்கள் என்று பற்பசையைக்கூடப் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தாள், அது வெந்துபோய்த் தோல் உரிந்ததுதான் மிச்சம். மத்தியானம் சாப்பாடானதும் கோமுவை மடியில் சாய்த்துக்கொண்டு விரல் நுனியால் தடவுவாள், பரு மேல் படாமல், பருவைச் சுற்றிச் சுற்றி, ஊதி ஊதி. அப்புறம்தான் அந்த டியூப் வந்தது. பஜாரில் மருந்துக்கடைக்காரன் எடுத்துக் கொடுத்தான், 'எல்லாரும் இதான்க்கா வாங்குதாக, ஒரே வாரத்துல பளபளன்னு ஆயிரும்.' ஆகத்தான் செய்தது. ஆடித் தபசுக்குக் கோவில் வாசலில் நின்றபோது பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள், ஏ ஆவுடை, பிள்ளை முகத்துக்கு என்னத்தப் போடுத, நிலாவாட்டம் இருக்கு. சித்தி பெருமை தாங்காமல் பர்ஸிலிருந்து டியூபை எடுத்துக் காட்டினாள். ஐயோ பாவம், எல்லாருக்கும் காட்டினாள்.

ஐப்பசிக்குள் முகம் மாறிவிட்டது. வெயில் பட்டால் எரிந்தது, கன்னத்தில் நூல் நூலாகச் சிவப்பு நரம்பு தெரிந்தது, தாடையோரம் பூனை மயிர் முளைத்தது, ஒரு நாள் போடாமல் விட்டால் பரு கொத்துக் கொத்தாகப் பொங்கியது. திருநெல்வேலியில் டாக்டரம்மா டியூபை வாங்கிப் பார்த்துவிட்டு, 'இதை யார் போடச் சொன்னது? இதுல ஸ்டீராய்டு இருக்கு, இது முகத்துக்குத் தினம் பூசுற மருந்தே இல்ல' என்று சத்தம் போட்டாள். 'நான்தான் வாங்கிக் குடுத்தேன் டாக்டர்' என்றாள் சித்தி. வேறு யாராவது என்றால் கடைக்காரன் மேல் போட்டிருப்பார்கள். அந்த ஒரு வார்த்தை எப்படியோ ஊர் வந்து சேர்ந்து, வேலம்மா பெரியம்மா காதுக்குப் போய்விட்டது. பெரியம்மா கோமுவின் அம்மாவுக்குக் கூடப்பிறந்த அக்காள், தங்கை இருந்த வீட்டில் இன்னொருத்தி விளக்கேற்றுகிறாள் என்பதையே செரிக்க முடியாதவள், இது போதாதா. நேரே வந்து கூடத்தில் நின்றாள். 'எந்தங்கச்சி மகளுக்கு ஒரு நல்ல எடம் அமைஞ்சிரக்கூடாதுன்னு முகத்துல மருந்து வச்சு நாசம் பண்ணிட்டாளே பாவி' என்றாள். சித்தி அடுப்படியில் ரசத்தைக் கலக்கிக்கொண்டே நின்றாள், திரும்பவில்லை. கோமு 'இல்ல பெரியம்மா, இல்ல பெரியம்மா' என்று சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது, அன்றைக்கு வந்தது பாருங்கள், தாரை தாரையாக வந்தது, பேச்சே எழும்பாமல் அடித்துக்கொண்டு போயிற்று. பெரியம்மா அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, 'பாருங்க, பிள்ளை எப்படி அழுதுன்னு பாருங்க' என்று வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

அன்றைக்குப் பிறகு சித்தி அவள் முகத்தைத் தொடவில்லை. தலை வாருவாள், கை பிடிப்பாள், முதுகு தேய்ப்பாள், முகத்தை மட்டும் தொடமாட்டாள். டாக்டரம்மா புது ஜெல் எழுதிக் கொடுத்தபோது, சித்தி டியூபைத் திறந்து கோமுவின் உள்ளங்கையில் பட்டாணி அளவு பிதுக்கிவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள், 'இப்படி, இந்தா இப்படி, கண்ணுக்குப் பக்கத்துல போகாம' என்று வெறும் விரலால் தன் கன்னத்தில் தடவிக் காட்டினாள். ஒருத்தி மருந்தோடு, ஒருத்தி மருந்தில்லாமல், இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைத் தடவிக்கொண்டிருந்ததை அந்த நேரம் யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். கோமு ஒரு நாள் அவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் கன்னத்தில் வைக்கப் பார்த்தாள். சித்தி வெடுக்கென்று உருவிக்கொண்டாள். 'என் கை வேண்டாம் பிள்ள' என்றாள், 'நாளைக்கு ஒண்ணுன்னா, என் கைதான்னு ஆயிரும்.' அந்த ஜெல்லுக்கு ஒரு குணம், பட்ட துணியெல்லாம் வெளுத்துவிடும். துண்டு வெளுத்தது, தலையணை உறை வெளுத்தது, ஒரு நாள் திருநெல்வேலியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கோமு தூக்கக் கலக்கத்தில் சித்தியின் தோளில் சாய்ந்துவிட்டாள், சித்தியின் கருநீலச் சேலையில் அவள் கன்னம் பட்ட இடம் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக நிறம் போய்விட்டது. நல்ல சேலை. கோமு பதறிப்போனாள். 'வெளுத்தா வெளுக்கட்டும், சேலைக்கா மாப்பிள்ளை பாக்கப் போறோம்' என்று சித்தி அதையே வெளியூர் போகவும் கட்டினாள், கடைக்குப் போகவும் கட்டினாள், வேறு நல்ல சேலை இல்லையாக்கும் என்று தெரு பேசுகிற அளவுக்குக் கட்டினாள். அதற்கப்புறம் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டியது, போட்டவுடன் படுத்தால் நெஞ்சுக்குழி எரிந்தது, வெயிலில் போனால் கை காலெல்லாம் கறுத்து வெந்தது, சித்தி குடை வாங்கிக் கொடுத்தாள், மாத்திரை போட்டதும் படுக்க விடாமல் அவளோடு தானும் மாடியில் நடந்தாள். நடந்துகொண்டே ஊர்க்கதை எல்லாம் பேசுவாள், பெரியம்மாவைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

'முகம் இப்ப தெளிஞ்சிருச்சே கோமு' என்றாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அடுத்த தெரு அக்கா ஒருத்தி, காதோடு காதாக, 'எந்த டாக்டர்ட்ட பாக்க? எங்க வீட்லயும் ஒண்ணு பருவோட கெடக்கு.' இழவு வீட்டில். பிணத்தை வைத்துக்கொண்டு. கோமு வாயைத் திறந்து டாக்டர் பெயரைச் சொன்னாள், சொல்லும்போது உதட்டின் ஓரம் வெடித்து உப்புக் கரித்தது, ரத்தம் வருகிறது, எல்லா இடத்திலிருந்தும் எது எதுவோ வருகிறது. அதே டாக்டர் அறையில்தான், இந்தக் கடைசி மாத்திரையை எழுதுவதற்கு முன், புதிதாக வந்த நர்ஸ் 'நீங்க அம்மாவா' என்று கேட்டாள். எப்போதும் இந்தக் கேள்விக்குச் சித்தி முந்திக்கொண்டு 'சித்தி' என்று சொல்லிவிடுவாள், யாரும் தப்பாக எதையும் தனக்குக் கொடுத்துவிடக் கூடாது என்கிற மாதிரி. அன்றைக்குக் கோமு முந்திக்கொண்டாள், 'அம்மாதான்' என்றாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்த சித்தி, பாதி தூரத்தில், 'அந்த நர்ஸ் பிள்ளை நல்ல பிள்ளை, என்னா' என்றாள். அவ்வளவுதான். நேற்று மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் பண்ணினாள், மாத்திரை போட்டியா, போட்டேன் சித்தி, வெறும் வயித்துல போடலையே, இல்ல சித்தி, உதட்டுக்கு நெய் தீந்துருக்கும், ஞாயித்துக்கிழமை வா, உருக்கி வைக்கேன், சரி சித்தி, பிள்ளைக சத்தம் போடுது, வச்சிருதேன். வைத்துவிட்டாள். அப்புறம் சாயங்காலம் அடுத்த ஃபோன் அப்பாவுடைய நம்பரிலிருந்து வந்தது, பேசியது வேறு யாரோ.

வேலம்மா பெரியம்மா வந்துவிட்டாள். இத்தனை நேரம் வராமல் இருந்ததே பெரிய காரியம். பெட்டியைச் சுற்றவில்லை, மாரில் அடிக்கவில்லை, கண்ணாடிக்குள் ஒரு தடவை பார்த்தாள், பார்த்த மட்டுக்கும் முறை முடிந்தது என்று வந்து கோமுவின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கோமுவின் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். கண்ணைப் பார்த்தாள். நிதானமாக, மற்றவர்களைப் போல வெட்கப்படாமல், இரண்டு கண்ணையும் பார்த்தாள். பெரியம்மாவின் முகம் இளகிவிட்டது, கோமு ஆயுசில் அந்த முகத்தில் பார்க்காத ஒரு வாஞ்சை. தலையைக் கோதினாள். 'இருக்கட்டும்' என்றாள் மெதுவாக, 'இருக்கட்டும்டி எந்தாயி. நீ எந்தங்கச்சி வயித்துல பொறந்தவ. ஒரு சொட்டு விடலையே நீ. மேல இருந்து அவ பாத்துக்கிட்டுதான் இருப்பா.' கோமுவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உள்ளங்காலிலிருந்து ஜில்லென்று ஏறியது. இவ்வளவு நேரமும் ஊர் என்ன நினைக்கும் என்று பயந்துகொண்டிருந்தாள், கல் நெஞ்சுக்காரி என்று நினைக்கும், நன்றி கெட்டவள் என்று நினைக்கும், நினைத்துவிட்டுப் போகட்டும் என்றுகூட ஒரு மூலையில் இருந்தது, இது இல்லையே அவள் பயந்தது. அழாமல் இருப்பது பழி வாங்குவது என்று, இத்தனை வருடம் மனதில் வைத்திருந்து இன்று சித்திக்குத் திருப்பிக் கொடுக்கிறாள் என்று, அதைப் பாராட்டி ஒருத்தி தலையைத் தடவுகிறாள். 'இல்ல பெரியம்மா' என்றாள். அதே வார்த்தை. அன்றைக்குக் கண்ணீர் வந்து அடைத்தது, இன்றைக்கு வராமல் அடைக்கிறது. 'எனக்குத் தெரியும், நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்' என்று பெரியம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், எல்லாரும் பார்க்கும்படி.

கையை உருவிக்கொண்டு எழுந்து பின்னறைக்குப் போனாள். கண் எரிச்சல் பொறுக்க முடியவில்லை என்று யாரிடமோ சொன்னாளா, சொல்ல நினைத்தாளா. கொடியில் சித்தியின் துணிகள் அப்படியே கிடந்தன, அந்தக் கருநீலச் சேலையும் கிடந்தது, தோள் பக்கத்துத் திட்டு தெரிகிற மாதிரி. முகத்தை அதில் புதைத்துக்கொண்டாள். சோப்பு வாசனையும் அடுப்படி வாசனையும் வந்தது, வா, வா என்று கெஞ்சினாள், யாரைக் கெஞ்சினாளோ, தோள்பட்டை குலுங்கியது, வாய் கோணியது, தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம்கூட வந்தது, அழுகைக்கு வேண்டிய சாமான் எல்லாம் வந்தது, துணி மட்டும் நனையவில்லை. அப்போதுதான் பையிலிருந்த சொட்டு மருந்து ஞாபகம் வந்தது. எரிச்சலுக்காகத்தான் எடுத்தாள், சத்தியமாக அதற்காகத்தான். தலையை அண்ணாந்து வலது கண்ணில் ஒரு சொட்டு விட்டாள், குளிர்ந்தது, இமைக்க, நிரம்பி வழிந்து கன்னத்தில் ஒரு கோடாக இறங்கியது. கண்ணீர் மாதிரியே. கோமு அசையாமல் நின்றாள். இப்படியே வெளியே போனால். சித்தி காலடியில் போய் இப்படியே உட்கார்ந்தால், ஊர் பார்க்கும், பெரியம்மா பார்க்கும், ஆவுடைக்கும் மகள் இருந்தா, அழுதா என்று நாளைக்குப் பேசிக்கொள்வார்கள், கட்டிலுக்கடியில் குனிந்து இடம் கேட்டவளுக்கு அது கூடவா செய்யக் கூடாது. பொய் என்றால் பொய்தான். சித்தி இருந்தால் விழுந்து விழுந்து சிரிப்பாள், எனக்கு அழ டாக்டர் மருந்து எழுதிக் குடுத்துருக்காக பாருங்க என்பாள். இடது கண்ணிலும் விட்டாள். மறுபடி வலது. மறுபடி இடது. கழுத்து வரைக்கும் வழிகிற அளவுக்குக் குப்பியைப் பிதுக்கிக்கொண்டு கோமு திரும்பினாள், வாசல்படியில் அப்பா நின்றுகொண்டிருந்தார்.

மாற்று வேட்டி எடுக்க வந்திருக்கிறார். நீர்மாலைக்கு, சித்தியைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வர, போக வேண்டும், குளித்து ஈரத்தோடு நிற்கிறவர், மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டிக் கட்டித் தடித்துப்போன விரல்களால் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அவள் கையில் குப்பியைப் பார்த்தார். அவள் கன்னத்தைப் பார்த்தார். கொடியிலிருந்து வேட்டியை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி போய்விட்டார். அவர் போன பிறகு இவள் ஓடினாள், கூடத்தைத் தாண்டிப் பந்தலுக்கு வருவதற்குள் வெயில் காற்றில் கன்னம் காய்ந்துவிட்டது, எப்போதும் அப்படித்தான் அந்த மருந்து, நாலு நிமிடம் நிற்காது. காய்ந்த கண்ணோடுதான் போய் நின்றாள். சங்கு ஊதினார்கள். பெண்கள் சித்தியை வெளியே எடுத்து முற்றத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள், எண்ணெய் சீயக்காய் வைக்க மகள் வா என்று கூப்பிட்டார்கள், கோமு போய்த் தலையில் வைத்தாள், பிறகு யாரும் சொல்லாமலே மஞ்சளை எடுத்து அந்த முகத்தில் பூசினாள். பெட்டியில் இருந்த குளிர் அப்படியே இருந்தது. நெற்றியில், கன்னத்தில், மூக்கோரம், தாடையில், கண்ணுக்குப் பக்கத்தில் போகாமல். 'போதும்மா, நேரமாச்சு' என்றார்கள். அவளுக்குப் போதவில்லை. வாய்க்கரிசி போட வரிசையில் வந்தவர்கள் சித்தியையும் பார்த்தார்கள், இவளையும் பார்த்தார்கள், வேலம்மா பெரியம்மா இவள் முதுகுக்குப் பின்னால் தோளைத் தொட்டபடி காவலுக்கு நிற்பது போல நின்றாள்.

தூக்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அப்பா அவளிடம் வந்தார். சட்டியில் நெருப்புப் போட்டு வைத்திருந்தார்கள், எடுங்க சண்முகையா, எடுங்க என்று பங்காளிகள் அவசரப்படுத்தினார்கள், அவர் காது கொடுக்காமல் பந்தக்கால் ஓரமாக அவளை ஒதுக்கி நிறுத்திக்கொண்டார். அழுது அழுது அவர் கண் வீங்கியிருந்தது. 'பாப்பா' என்றார், 'ஊருக்காக அழணும்னு ஒண்ணும் இல்ல. கண்ணுல மருந்தெல்லாம் ஊத்திக்கிட்டு எதுக்கும்மா. உனக்கு வரலைன்னா வரல. நான் உன்னைக் குத்தம் சொல்லல. அவ உனக்கு யாரு, நான் பாத்துக் கூட்டிட்டு வந்தவதான. இத்தனை வருசம் நீ முகம் கோணாம அவகூட இருந்ததே எனக்குப் பெருசு.' அவர் அதை நம்புகிறார். பதினேழு வருடம் ஒரே கூரைக்கடியில் இருந்து பார்த்தவர், மாடியில் நடந்ததையும் எதிரெதிரே உட்கார்ந்து தடவியதையும் பார்த்தவர், இப்போது இந்த இரண்டு காய்ந்த கண்ணைப் பார்த்துவிட்டு அத்தனையும் நடிப்பு என்று நம்பிவிட்டார், நம்பியதோடு மன்னித்தும்விட்டார். கோமு அவர் கையைப் பிடித்தாள். எங்கிருந்து தொடங்குவது, கட்டிலுக்கடியிலிருந்தா, நர்ஸ் கேட்டதிலிருந்தா, நேரமில்லை, சேகண்டி ஒலிக்கத் தொடங்கிவிட்டது, வாயில் வந்தது அதுதான். 'மாத்திரைப்பா' என்றாள். 'முகத்துக்குச் சாப்பிடுதேன்லப்பா, அந்த மாத்திரை, அதுல கண்ணு வந்து...'

அப்பா கையை மெதுவாக எடுத்துக்கொண்டார். 'இன்னைக்குமா பாப்பா' என்றார். 'இன்னைக்கும் உனக்கு முகம்தானா.' கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். திரும்பிப் போய்ச் சட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார், பின்னால் சித்தியைத் தூக்கினார்கள், பெண்கள் எல்லாரும் ஒரே குரலாக அலறிக்கொண்டு தெருமுனை வரை ஓடினார்கள், கோமுவும் அவர்களோடு ஓடி, பெண்கள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். சட்டி எடுத்துப் போகிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். அப்பா திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தார், அதற்கு அந்த வழக்கம்தான் காரணம் என்று கோமு தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நின்றாள்.